ரோட்டர்டாம்: துறைமுகம் வளர்ந்தது, நகரம் வளர்ந்ததா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையத்தில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. 'நிஹோன்' என்பது அதன் பெயர். ஏறக்குறைய 300 கொள்கலன்களைச் சுமந்து அது புறப்பட்டு வந்த இடம் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகம்.

மலேசியத் தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெய்க்கும் இந்த ஊரோடு பழைய உறவு உண்டு. ஐரோப்பாவுக்குப் போகும் செம்பனை எண்ணெயில் பெரும்பங்கு இறங்கும் இடம் அதுதான். உலகச் சந்தையில் 'ரோட்டர்டாம் விலை' என்றே ஒரு விலை சொல்லப்படுகிறது. நம் வட்டாரத்தின் வாழ்வோடு இவ்வளவு நெருங்கிய ஒரு நகரம் எங்கே இருக்கிறது, எப்படி வளர்ந்தது, என்ன விலை கொடுத்தது என்பதைப் பற்றியதே இந்த உரை.

ஓர் அணையின் பெயர்

ஐரோப்பிய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலையில் பிறக்கும் ரைன் ஆறு சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளைத் தொட்டுக்கொண்டு நெதர்லாந்துக்குள் வருகிறது. அங்கே பல கிளைகளாகப் பிரிந்து, மாஸ் ஆற்றோடு கலந்து, வடகடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில் அமைந்ததுதான் ரோட்டர்டாம்.

'ரோட்டே' என்ற சிற்றாறும் அங்கே ஓடுகிறது. ஏறக்குறைய 1270ஆம் ஆண்டில், வெள்ளத்தைத் தடுக்க அதன் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். ரோட்டே ஆற்றின் அணை என்பதே ரோட்டர்டாம் ஆயிற்று. அணையருகே மீனவர்கள் குடியேறினார்கள். 1340ஆம் ஆண்டில் அவ்வூர் நகர உரிமை பெற்றது.

கழிமுகத்தில் ஊர் அமைவது நன்மையா, தீமையா? இரண்டும்தான். ஆறு வணிகத்தைக் கொண்டுவரும். அதே ஆறு வண்டலையும் கொண்டுவரும். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றின் வாய் மணலால் அடைபட்டுக் கிடந்தது. பெரிய கப்பல்கள் சுற்று வழியில் வரவேண்டியிருந்தது. நீராவிக் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போன காலம் அது. ரோட்டர்டாம் அப்படியே விடப்பட்டிருந்தால், இன்று அது ஒரு பழைய ஆற்றங்கரை ஊராக மட்டுமே இருந்திருக்கும்.

மனிதன் வெட்டிய வாய்

அப்போதுதான் பீட்டர் காலண்ட் என்ற பொறியாளர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மணல் குன்றுகளை வெட்டி, ஆற்றை நேராகக் கடலோடு இணைத்துவிடலாம் என்றார். 1866ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. 1872ஆம் ஆண்டில் புதிய நீர்வழி கப்பல்களுக்குத் திறந்தது. ஆற்றின் ஓட்டமே கால்வாயை அரித்து ஆழமாக்கிவிடும் என்ற கணக்கு தப்பியது. பல ஆண்டுகள் தூர்வார வேண்டியிருந்தது. ஆனாலும் நகரம் கைவிடவில்லை.

இந்த நீர்வழியின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. இதில் நீரடைப்புக் கதவுகள் இல்லை. ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் கப்பல் பூட்டுக் கதவைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். ரோட்டர்டாமுக்குப் போகும் கப்பல் கடலிலிருந்து நேராக நுழைந்துவிடும். கப்பல் தொழிலில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் என்பது நேயர்கள் அறிந்ததே.

நிலமும் நீரும் மட்டும் போதுமா? சட்டமும் வேண்டும். 1868ஆம் ஆண்டில் ரைன் நதிக்கரை நாடுகள் மன்ஹைம் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ரைன் நதியில் எல்லா நாட்டுக் கப்பல்களும் தடையின்றிச் செல்லலாம், சுங்கவரி கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். அதே காலத்தில் ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு நிலக்கரியும் எஃகுமாகப் பொங்கி எழுந்தது. அதற்குத் தேவையான இரும்புத்தாதும் தானியமும் ரோட்டர்டாம் வழியே உள்ளே போயின. ரூர் வட்டாரத்தின் கடல் வாசல் டச்சு நாட்டில் அமைந்தது.

துறைமுகத்தை யார் நடத்துவது என்ற கேள்விக்கும் அந்தக் காலத்திலேயே விடை கிடைத்தது. பின்காஃப்ஸ் என்ற வணிகர் தென்கரையில் தனியார் முதலீட்டில் துறைகளையும் கிடங்குகளையும் அமைத்தார். கணக்கில் மோசடி வெளிப்பட, 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு ஓடிப்போனார். விழுந்த நிறுவனத்தின் துறைகளை நகராட்சி ஏற்றுக்கொண்டது. அன்று முதல் துறைமுகம் நகரத்தின் சொத்து. 2004ஆம் ஆண்டில் துறைமுக நிர்வாகம் ஒரு நிறுவனமாக மாற்றப்பட்டபோதும் பங்குகள் பொதுமக்களின் கையை விட்டுப் போகவில்லை. இன்று ஏறக்குறைய 70 விழுக்காடு நகராட்சியிடமும் 30 விழுக்காடு நாட்டு அரசாங்கத்திடமும் உள்ளன. நிலத்தை வாடகைக்கு விடுவது நிர்வாகம், முனையங்களை நடத்துவது தனியார் என்பது அங்குள்ள முறை.

எரிந்த நகரம்

1940 மே 14. ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்து ஐந்தாவது நாள். நகரைச் சரணடையச் செய்யும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே விமானங்கள் வந்தன. கால் மணி நேரம்தான். குண்டு வீச்சும் அதைத் தொடர்ந்த தீயும் நகரின் நடுப்பகுதியை அழித்தன. சுமார் 850 பேர் மாண்டனர். ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தனர். மறுநாள் நாடே சரணடைந்தது. 1944ஆம் ஆண்டில் ஜெர்மானியர்கள் கப்பல் துறைகளையும் பாரந்தூக்கிகளையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

போர் முடிந்தபின் நகர மக்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. பழைய நகரை இருந்தபடியே கட்டுவது ஒன்று. புதிய நகரை எழுப்புவது இன்னொன்று. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய புனித லாரன்ஸ் தேவாலயத்தைச் செப்பனிட்டுக் காத்தார்கள். மற்ற இடங்களில் அகன்ற சாலைகளும் புதிய கட்டடங்களும் எழுந்தன. 1953ஆம் ஆண்டில் வாகனங்கள் நுழையாத லைன்பான் கடைத்தெரு திறக்கப்பட்டது. அதே ஆண்டு சிற்பி சட்கின் செய்த, நெஞ்சில் ஓட்டையோடு வானை நோக்கிக் கை உயர்த்தும் உருவம் நிறுவப்பட்டது. இதயம் பறிக்கப்பட்ட நகரத்தின் சின்னம் அது. அன்று தீ பரவிய எல்லையை இன்றும் நடைபாதையில் பதித்த விளக்குகள் காட்டுகின்றன.

ஆனால், வீடுகளுக்கு முன்பே துறைமுகம்தான் கட்டப்பட்டது. 'முதலில் வேலை, பிறகு வீடு' என்ற அந்த முடிவால் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நெருக்கடியில் வாழ்ந்தன. இந்த உரையின் தலைப்பில் உள்ள கேள்வி அங்கேயே தொடங்குகிறது.

மேற்கு நோக்கி நகர்ந்த துறைமுகம்

1950களில் போட்லெக், 1950களின் இறுதியிலிருந்து யூரோபோர்ட், பிறகு கடலைத் தூர்த்து உருவாக்கிய மாஸ்விளாக்டே எனத் துறைமுகம் மேற்கே மேற்கே நீண்டது. எண்ணெய்க் காலம் அது. பெர்னிஸில் உள்ள சுத்திகரிப்பு ஆலை ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1962ஆம் ஆண்டில் ரோட்டர்டாம் நியூயார்க்கை முந்தி, சரக்கு எடையில் உலகின் முதல் துறைமுகமாயிற்று. 2004ஆம் ஆண்டுவரை அந்த இடத்தை விடவில்லை. அந்த ஆண்டு அதை முதலில் முந்தியது சிங்கப்பூர். பின்னர் ஷாங்காயும் மற்றச் சீனத் துறைமுகங்களும் முந்தின. ஐரோப்பாவில் இன்றும் ரோட்டர்டாமே முதலிடம்.

2008ஆம் ஆண்டில் இரண்டாம் மாஸ்விளாக்டே பணி தொடங்கியது. வடகடலிலிருந்து 200 மில்லியன் கன மீட்டருக்கும் மேற்பட்ட மணலை அள்ளி, ஏறக்குறைய 2,000 ஹெக்டர் புதிய நிலத்தை உருவாக்கினார்கள். 2013ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதற்கு முன் நடந்ததையும் சொல்லவேண்டும். மீனவர்களும் விவசாயிகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்து வழக்குத் தொடுக்க, 2005ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நிர்வாக நீதி அமைப்பு திட்டத்தை நிறுத்தியது. இயற்கைக்கு நேரும் இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்பதைத் தெளிவாக்கிய பிறகே மணல் அள்ள முடிந்தது.

இன்று துறைமுகம் நகரிலிருந்து கடல்வரை சுமார் 40 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 2024ஆம் ஆண்டில் அது கையாண்ட சரக்கு 435.8 மில்லியன் டன். 20 அடி அளவில் கணக்கிட்டால் கொள்கலன்கள் 13.8 மில்லியன். இறங்கும் சரக்கில் ஒரு பங்கு ரைன் நதியில் சரக்குப் படகுகளில் ஏறி, ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகருக்கும் 800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கும் போகிறது. மற்றொரு பங்கு 2007ஆம் ஆண்டில் சரக்குக்கென்றே திறக்கப்பட்ட ரயில் பாதையில் ஜெர்மானிய எல்லைக்குப் போகிறது. எண்ணெய் குழாய்களில் ஓடுகிறது.

ஆனால், ஆற்றை நம்பியவன் மழையையும் நம்பவேண்டும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் வறட்சியில் ரைன் நதியின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தது. படகுகள் பாதிச் சுமைகூட ஏற்றமுடியாமல் ஓடின. ஜெர்மனியின் உள்நாட்டு ஆலைகளுக்கு மூலப்பொருள் போய்ச் சேரத் தாமதமாயிற்று. கழிமுகத்தில் எவ்வளவு ஆழம் இருந்தாலும் மேலே ஆறு வற்றினால் துறைமுகத்துக்கும் இருமல் வரும்.

கடலோடு ஓர் ஒப்பந்தம்

நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளன. அருகிலுள்ள ஒரு தாழ்நிலம் கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே இருக்கிறது. நெதர்லாந்தின் மிகத் தாழ்ந்த இடம் அது.

1953 பிப்ரவரி முதல் தேதி அதிகாலை. புயலால் வடகடல் பொங்கி, தென்மேற்கு நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். ரோட்டர்டாமுக்குக் கிழக்கே நியூவர்கெர்க் என்ற இடத்தில் அணைக்கரை உடையத் தொடங்கியது. அது முழுவதும் உடைந்திருந்தால் மக்கள் அடர்ந்த பெரும்பகுதி நீரில் மூழ்கியிருக்கும். ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி தன் சரக்குப் படகை அந்த உடைப்பிலேயே கொண்டுபோய்ச் செருகினார். கதவு போல் படகு அடைத்துக்கொண்டது. வெள்ளம் தணிந்தது.

ஆனால், ஒரு நாடு எப்போதும் ஒரு படகோட்டியின் துணிச்சலை நம்பி வாழ முடியாது. கழிமுகங்களை அணைகளால் மூடும் பெருந்திட்டம் தொடங்கியது. ரோட்டர்டாமில் மட்டும் ஒரு சிக்கல். நீர்வழியை மூடினால் துறைமுகம் செத்துப்போகும். மூடாவிட்டால் நகரம் மூழ்கிப்போகும். இதற்குக் கிடைத்த விடைதான் 1997ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மாஸ்லாண்ட் வெள்ளத் தடுப்பு. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு பெரிய கதவுகள். வழக்கமான நாள்களில் கரையோரம் ஒதுங்கி நிற்கும். கப்பல்கள் போய்வரும். நீர்மட்டம் வழக்கமான கடல் மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே உயரும் என்று கணினி கணித்தால் கதவுகள் நகர்ந்து நீர்வழியை மூடும். 2007 நவம்பர் புயலில் முதன்முறையாக மூடப்பட்டது. 2023 டிசம்பர் 21ஆம் தேதி, நீர்மட்டம் எல்லையைத் தாண்டும் என்று கணித்துக் கணினி தானாகவே மூடியது.

மழைநீருக்கும் வழி செய்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் அமைத்த ஒரு சதுக்கம் வெயில் நாளில் பிள்ளைகள் பந்தாடும் திடல், பெருமழை நாளில் குளம். கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போனால் கதவுகளை அடிக்கடி மூட நேரும். அப்போது கப்பல்கள் காத்திருக்க வேண்டிவரும். கடலோடு செய்துகொண்ட ஒப்பந்தம் காலக்கெடு உள்ள ஒப்பந்தம்தான்.

கைகளுக்கு என்ன வேலை?

இனி மனிதர்களைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிய துறைகளில் வேலை தேடி, பிரபாண்ட், சேலண்ட் மாநிலங்களின் ஏழை விவசாயிகள் வந்து தென்கரையில் குடியேறினார்கள். வடகரை மக்கள் அதை 'விவசாயிகளின் கரை' என்று சொல்லிச் சிரித்தார்கள். சீனக் கப்பல் தொழிலாளர்கள் காட்டன்ட்ரெக்ட் பகுதியில் குடியேறினார்கள். பின்னர் துருக்கி, மொரோக்கோ, சுரினாம், கேப் வெர்டே நாட்டவர்கள் வந்தார்கள். இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகளின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். மொரோக்கோவில் பிறந்த அகமது அபுதாலிப் 2009 முதல் 2024 வரை நகரத் தலைவராக இருந்தார்.

அப்போதெல்லாம் கப்பல் வந்தால் முதுகில் மூட்டை சுமக்க ஆயிரம் கைகள் வேண்டும். 1966 மே மாதம் 'ஃபேர்லண்ட்' என்ற கப்பல் அமெரிக்காவிலிருந்து கொள்கலன்களைக் கொண்டுவந்தது. மூட்டைகளின் காலம் முடியத் தொடங்கியது. 1993ஆம் ஆண்டில் மாஸ்விளாக்டேயில் ஓட்டுநர் இல்லாமல் கொள்கலன்களைக் கொண்டுபோகும் வண்டிகள் ஓடின. உலகில் அதுவே முதல்முறை. 2015ஆம் ஆண்டில் திறந்த புதிய முனையங்களில் கப்பலிலிருந்து இறக்கும் பாரந்தூக்கியின் மேலும் ஆள் இல்லை. அலுவலகத்தில் திரைமுன் அமர்ந்தவர் இயக்குகிறார்.

2016 ஜனவரி 7ஆம் தேதி துறைமுகத் தொழிலாளர்கள் 24 மணி நேரம் வேலை நிறுத்தம் செய்தார்கள். தானியக்கத்தால் நூற்றுக்கணக்கான வேலைகள் போகும் என்பது அவர்களின் அச்சம். தொழில்நுட்பம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மாற்றத்தின் சுமையைத் தொழிலாளி மட்டும் சுமக்கக்கூடாது என்றார்கள். பேச்சு நடந்தது. 2020ஆம் ஆண்டுவரை கட்டாய ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி கிடைத்தது. சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்திலும் ஓட்டுநர் இல்லா வண்டிகள் ஓடும் இந்நாளில், இந்தச் செய்தி நமக்கும் உரியது.

துறைமுகம் மேற்கே போனதும் தென்கரை என்ன ஆயிற்று? பழைய துறைகள் வெறிச்சோடின. 1980களில் கப்பல் கட்டும் தொழில் சரிந்தது. வேலையின்மையும் வறுமையும் தங்கின. பள்ளிப் படிப்பிலும் வீட்டுத் தரத்திலும் தென்கரை பின்தங்கியது. ஐரோப்பாவின் முதல் துறைமுகத்தின் நிழலிலேயே நாட்டின் மிக ஏழ்மையான குடியிருப்புகளுள் சில இருந்தன. 2012ஆம் ஆண்டில் தென்கரையை உயர்த்த 20 ஆண்டுத் திட்டம் தொடங்கியது. கூடுதல் பள்ளி நேரம், தொழிற்பயிற்சி, வீடு சீரமைப்பு ஆகியவை அதில் அடங்கும். பழைய கப்பல் கட்டும் தளம் ஒன்றில் இன்று தொழில்நுட்ப மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஆனால், சீரமைப்பு என்ற பெயரில் ஏழைகள் வெளியேற்றப்படுகிறார்கள் என்ற குறையும் எழுந்தது. ட்வேபோஸ் குடியிருப்பில் 500க்கும் மேற்பட்ட குறைந்த வாடகை வீடுகளை இடிக்க முடிவானபோது குடியிருப்பாளர்கள் போராடினார்கள். 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மனித உரிமை வல்லுநர்கள் நெதர்லாந்து அரசாங்கத்திடம் கவலை தெரிவித்தார்கள். ஆற்றங்கரையில் உயர்ந்த கட்டடங்கள் எழும்போது, அங்கே யார் வாழ்வது என்ற கேள்வியும் எழத்தான் செய்யும்.

எண்ணெய்க்குப் பின்

கடைசியாக ஒரு பெரிய கேள்வி. ரோட்டர்டாம் இறக்கும் சரக்கில் ஏறக்குறைய பாதி திரவச் சரக்கு. அதில் பெரும்பகுதி கச்சா எண்ணெயும் எண்ணெய்ப் பொருள்களும்தான். 1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் தர மறுத்தபோதே இந்தச் சார்பின் ஆபத்து தெரிந்தது. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போர் மூண்டபோது மீண்டும் தெரிந்தது. முந்திய ஆண்டில் துறைமுகச் சரக்கில் சுமார் 13 விழுக்காடு ரஷ்யாவோடு தொடர்புடையது. அதற்கு மாற்று தேட வேண்டியதாயிற்று.

பருவநிலை மாற்றத்தின் நெருக்குதலும் சேர்ந்துள்ளது. ஆலைகளின் கரிமப் புகையைப் பிடித்து, வடகடலுக்கு அடியில் காலியான எரிவாயு வயல்களில் புதைக்கும் திட்டத்துக்கு 2023ஆம் ஆண்டில் முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. காற்றாலை மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்றைக் கட்ட 2022ஆம் ஆண்டில் முடிவானது. இவை போதுமா என்ற விவாதம் அந்த நகரிலேயே நடக்கிறது. எண்ணெயால் வளர்ந்த ஊர் எண்ணெய் இல்லாமல் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். கடல் மட்டம் உயரக் காரணமான புகையில் ஒரு பங்கு, கடல் மட்டத்துக்குக் கீழே வாழும் நகரிலிருந்தே போகிறது என்பதை அங்குள்ளவர்களும் அறிவார்கள்.

நமக்குரிய பாடம்

ரோட்டர்டாமுக்கு இயற்கை தந்தது ஓர் ஆறும் சேறும்தான். நீர்வழியை வெட்டியவர்கள் மனிதர்கள். உடன்படிக்கை எழுதியவர்கள் மனிதர்கள். எரிந்த நகரை எழுப்பியவர்களும் மனிதர்களே. 'நல்ல இடத்தில் அமைந்த ஊர் தானே வளரும்' என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

துறைமுகம் வளர்ந்தது, நகரம் வளர்ந்ததா? கட்டடங்களை எண்ணினால் வளர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். தென்கரையின் குடும்பங்களைக் கேட்டால் விடை அவ்வளவு எளிதல்ல. மூட்டை சுமந்தவரின் பேரப்பிள்ளை திரைமுன் அமர்ந்து பாரந்தூக்கியை இயக்கும் வேலைக்குத் தகுதி பெற்றால்தான் நகரம் வளர்ந்தது என்று முழு மனத்தோடு சொல்லலாம். அந்தத் தகுதியைத் தருவது பாரந்தூக்கி அல்ல, பள்ளிக்கூடம்.

கிள்ளான் துறைமுகத்திலும் தஞ்சோங் பெலெப்பாஸிலும் துவாஸிலும் கப்பல்கள் நிற்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைக் கரையிலிருந்து வேடிக்கை பார்ப்பார்களா, அல்லது அவற்றை இயக்கும் அறிவோடு உள்ளே போவார்களா? ரோட்டர்டாம் இன்னும் முழு விடை காணாத அந்தக் கேள்வியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் இன்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.